பில்டர் பிரஸ்ஸில் கேக்கின் நடுவில் கூழ்: என்ன செய்யலாம்?

ஆலை மேற்பார்வையாளர், ராதாபுரம் பக்கம்:
எங்கள் எம்-சாண்ட் ஆலையில் மணல் கழுவிய சேற்றுநீரை முன்பு பழைய குவாரிப் பள்ளத்தில் விட்டுவந்தோம். சென்ற கார்த்திகை மழையில் கரை அரித்து, சேறு குளத்து வரத்துக்காலில் இறங்கிவிட்டது. வயலில் படிந்த வெள்ளைப் பூச்சு ஓடாக வெடித்துக் கிடந்ததைப் பார்த்தபின் எனக்கு மனம் ஆறவில்லை. முதலாளியிடம் மன்றாடித்தான், சேற்றைத் துணி போர்த்திய தட்டுகளுக்கு இடையே அழுத்தி நீரைப் பிழியும் பில்டர் பிரஸ் வாங்கினோம். பிழிந்த நீரை மறுபடி கழுவப் பயன்படுத்துகிறோம். மூன்று வாரம் நன்றாக ஓடியது. இப்போது கேக்கில், அதாவது பிழிந்தபின் எஞ்சும் சேற்றுக் கட்டியில், துணியை ஒட்டிய பக்கம் மட்டும் கெட்டி, நடுவில் கூழ். தானாக விழவும் மாட்டேன் என்கிறது. சேற்றுத் தூளைத் திரட்டச் சேர்க்கும் பாலிமர் மருந்தைக் கூட்டக் கூட்ட மோசமாகிறது.

கிரஷர் ஃபிட்டர், கங்கைகொண்டான்:
அண்ணாச்சி, துணியை விரலால் தேய்த்துப் பாருங்கள். நறநறப்பா, வழவழப்பா?

ஆலை மேற்பார்வையாளர்:
வழவழப்பு. வெண்டைக்காய் நறுக்கிய கை போல இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர், பாளையங்கோட்டை:
அப்படியானால் பாலிமர் மிகுந்துவிட்டது தம்பி. தூளைப் பற்றிக்கொண்டது போக எஞ்சியது நீரிலேயே நிற்கும். அந்த நீரையே சுற்றி விடுவதால் நாளுக்கு நாள் சேர்ந்து துணியின் கண்களை அடைக்கிறது. இரு துணிகளிலிருந்தும் வளரும் கேக் நடுவில் சந்திப்பதற்குள் நீர் வெளியேறும் வழி அடைந்துவிடுகிறது. கூழ் அதனால்தான்.

துணிகளைக் கழற்றி, பின்புறத்திலிருந்து அழுத்த நீரால் கழுவுங்கள். பாலிமரைப் பொடியாகச் சேற்றில் கொட்டுகிறீர்களா? அது கட்டி கட்டியாகப் பாதி கரையாமல் போகும். 1,000 லிட்டர் நல்ல நீரில் 1 கிலோவைச் சிறிது சிறிதாகத் தூவி, மெதுவாக ஒரு மணி நேரம் கலக்குங்கள். பிறகு நான்கு கண்ணாடி ஜாடிகளில் தலா 1 லிட்டர் சேறு எடுத்து, அந்தக் கரைசலை 2, 5, 10, 15 மில்லி என விட்டுப் பாருங்கள். மேல்நீர் தெளியும் மிகக் குறைந்த அளவே உங்கள் அளவு. கல் மாறும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

கிரஷர் ஃபிட்டர்:
பம்பையும் பாருங்கள். வேகமாகச் சுழலும் பம்பு திரண்ட சேற்றை அடித்து உடைத்துவிடும்.

குவாரி ஓட்டுநர், வள்ளியூர்:
இத்தனை சிரமம் ஏன்? பழைய பள்ளத்திலேயே விட்டுவிடலாமே.

ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்:
வேண்டாம் ஐயா. பிரேசிலின் புருமாடின்ஹோவில் 2019 ஜனவரி 25 அன்று உடைந்த இரும்புத்தாதுக் கழிவு அணையில், அதற்குச் சில ஆண்டுகள் முன்பே கழிவு விடுவதை நிறுத்தியிருந்தார்கள். ஆனாலும் சேறு இளகிப் பாய்ந்து சுமார் 270 பேர் மாண்டார்கள். நம் பள்ளம் சிறியதுதான். ஆனால் கீழே குளமும் வயலும் இருக்கின்றன.

ஆலை மேற்பார்வையாளர் (நான்கு நாள் கழித்து):
5 மில்லியிலேயே தெளிந்தது! இதுவரை அதைப்போல மூன்று மடங்கு விட்டிருக்கிறேன். இன்று தட்டை விலக்கியதும் கேக் பலகைபோல் விழுந்தது. அண்ணாச்சிகளுக்கு நன்றி.

ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்:
மகிழ்ச்சி. கேக்கை எங்கே கொட்டுகிறீர்கள்?

ஆலை மேற்பார்வையாளர்:
வரத்துக்கால் ஓரமாக ஒரு மேட்டில்.

ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்:
அடைமழையில் அது மறுபடி சேறாகிவிடும் தம்பி. நீர்வழிக்கு விலகிய இடத்தில், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவாணையில் சொன்னபடி, மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி இறுக்குங்கள். சுற்றிலும் வரப்பும் வடிகாலும் போட்டு, வடியும் நீரை ஒரு தொட்டியில் தேக்குங்கள்.

ஆலை மேற்பார்வையாளர்:
லாரியை நிறுத்தச் சொல்லிவிட்டேன். நாளை காலை அந்த மேட்டை அள்ளுகிறோம்.