குழந்தையின் கண்மணியில் வெள்ளை ஒளி: என்ன கேட்பது?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்): 7 மாதக் குழந்தை. பிளாஷ் போட்டோவில் ஒரு கண்மணி மட்டும் வெள்ளையாகத் தெரிகிறது. கிளினிக்கில் என்ன கேட்பது?

பதில்: ரெட்டினோபிளாஸ்டோமாவா (விழித்திரையில் வரும் புற்றுநோய்) என்று கேளுங்கம்மா, இந்த வாரமே. அறையை இருட்டாக்கி, ஆப்தல்மோஸ்கோப்பில் (கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பார்க்கும் கருவி) இரு கண்ணின் சிவப்பொளியையும், அதாவது ஒளி பட்டதும் கண்மணியில் தெரியும் சிவப்பையும், ஒப்பிடுவார்கள். வேறுபட்டால், மயக்கம் கொடுத்து இரண்டு விழித்திரையையும் பார்க்கணும். ஊசி குத்திச் சதை எடுப்பது கூடாது. கட்டி கண்ணுக்கு வெளியே பரவும்.

பதில்: மாறுகண்ணும் அறிகுறிதான். "வளர்ந்தால் சரியாகும்" என்று விடுவதில்தான் ஏழை நாடுகளில் பல உயிர் போகிறது. வசதியான நாடுகளில் 95 சதவீதத்துக்கு மேல் பிழைக்கிறார்கள்.

பதில்: கீமோ என்றால் அன்றைய எடையை வைத்துத்தான் மருந்தளவு கணக்கிட்டார்களா என்று கேளுங்கள். வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்து கிலோவுக்கு 0.05 மி.கி.; 8 கிலோவுக்கு 0.4. உடல் பரப்பளவில் கணக்கிட்டால் 0.6 வரும், கைக்குழந்தைக்கு அது அதிகம்.