அரசுப் பணிமனையில் ஓவர்டைம் நேரத்தைக் கணக்கிடும் முறை

கேள்வி – சயான் கோலிவாடா வாசகர்:
அனைவருக்கும் வணக்கம். என் தம்பி மும்பையில் மத்திய அரசின் பணிமனை ஒன்றில் ஃபிட்டராக வேலை செய்கிறான். 2025 ஆகஸ்டில் ஒரு வாரம், திங்களன்று 11 மணி நேரமும் மற்ற ஐந்து நாட்களும் தலா 8 மணி நேரமும், உணவு இடைவேளை நீங்கலாக, வேலை பார்த்தான். சம்பளப் பிரிவில் 2 மணி நேரத்துக்கு மட்டுமே ஓவர்டைம் போட்டிருக்கிறார்கள். அதையும் வீட்டு வாடகைப் படியைச் சேர்க்காமல் கணக்கிட்டிருக்கிறார்கள். சர்ச்கேட் பக்கம் மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் என் மைத்துனருக்கோ எவ்வளவு நேரம் இருந்தாலும் ஓவர்டைம் கிடையாது. எது சரி?

பதில் – ஓய்வுபெற்ற கணக்கர், மாட்டுங்கா:
ஐயா, இருவரையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. மைத்துனருக்குத் தொழிற்சாலைச் சட்டம் பொருந்தாது. ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் 2018 ஜூனில் வந்த ஆணை, இயந்திரங்களை இயக்குவோர் போன்ற செயல்பாட்டுப் பணியாளர்களையும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட தொழிற்பணியாளர்களையும் தவிர மற்றவர்களுக்கு ஓவர்டைம் படியை நிறுத்திவிட்டது. நாசிக் அச்சகம் தொடர்பான வழக்கில் 2023இல் உச்ச நீதிமன்றம், மேற்பார்வைப் பொறுப்பில் இருந்த அரசு ஊழியர்கள் இரட்டிப்பு ஓவர்டைம் கோர முடியாது என்று தீர்ப்பளித்ததையும் நினைவில் வையுங்கள்.

தம்பி ஃபிட்டர் என்பதால், அந்த ஆகஸ்டில் நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 59ஆம் பிரிவு அவருக்குப் பொருந்தும். அதன்படி ஒரு நாளில் 9 மணி நேரத்தையோ ஒரு வாரத்தில் 48 மணி நேரத்தையோ தாண்டினால் இரட்டிப்பு ஊதியம் தர வேண்டும். திங்களன்று 9 போக 2 மணி நேரம் மிகுதி. அந்த இரண்டை ஒதுக்கிவிட்டுக் கூட்டினால் 9, பிறகு ஐந்து எட்டு நாற்பது, ஆக 49. இதில் 48 போக இன்னும் ஒரு மணி நேரம் மிகுதி. ஆகவே 3 மணி நேரம் வர வேண்டும். நாள் கணக்கோடு நிறுத்திக்கொண்டு வாரக் கணக்கைப் பார்க்காமல் விடுவதால்தான் தொழிலாளியின் அந்த ஒரு மணி நேரம் காணாமல் போகிறது. இது எனக்கு மிகுந்த வருத்தம் தருவது.

பதில் – தொழிற்சங்க உறுப்பினர், தாராவி:
வாடகைப் படி பற்றி: ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைத் தொழிலாளர் வழக்கில் 2026 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், வீட்டு வாடகைப் படி, போக்குவரத்துப் படி முதலியவற்றையும் ஓவர்டைம் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றும், அமைச்சகச் சுற்றறிக்கையால் சட்டத்தைச் சுருக்க முடியாது என்றும் கூறிவிட்டது. ஆனால் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. அவற்றின் ஊதிய வரையறை பொதுவாக வாடகைப் படியை விலக்குகிறது. உங்கள் தம்பியின் கணக்கு ஆகஸ்டுக்குரியது. எனவே பழைய தொழிற்சாலைச் சட்டத்தைக் குறிப்பிட்டே எழுத்துப்பூர்வமாக மனுக் கொடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இரவு ஷிஃப்ட் நள்ளிரவைத் தாண்டினால் எந்த நாளில் சேரும்?

பதில் – ஓய்வுபெற்ற கணக்கர், மாட்டுங்கா:
அந்தப் பழைய சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி, நள்ளிரவுக்குப் பிந்தைய நேரம் முந்தைய நாளிலேயே சேரும். சனி இரவு 10 மணிக்குத் தொடங்கி ஞாயிறு காலை 6 மணிக்கு முடியும் ஷிஃப்ட் முழுவதும் சனிக்கிழமைக் கணக்கு. மனுவோடு வாயிற்பதிவின் நகலையும் இணைக்கச் சொல்லுங்கள்.