32 பிட் டெபியனில் டைம்_டி மாறியதால் பைண்டிங் உடைகிறது: உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. ஒரு சிறிய சி லைப்ரரியை ரஸ்ட் மொழியிலிருந்து அழைக்க உதவும் பைண்டிங் எழுதிப் பராமரித்து வருகிறேன். டெபியன் லினக்ஸ் 12 வரை ஏஆர்எம்ஹெச்எஃப் (32 பிட் ஆர்ம்) போர்டுகளில் ஒழுங்காக ஓடியது. 13க்கு மாறியதும் லைப்ரரி தரும் நேரத்தில் மைக்ரோ செகண்ட் எப்போதும் 0 என்றே வருகிறது. சில சமயம் புரோகிராமே விழுந்துவிடுகிறது.

காரணம் புரிந்துவிட்டது. 32 பிட் நொடி எண்ணிக்கை 2038இல் நிரம்பிவிடும் பிரச்சினைக்காக அங்கே டைம்_டி (நொடிகளை வைக்கும் சி டைப்) 64 பிட் ஆகிவிட்டது. சி பக்கம் நொடியும் மைக்ரோ செகண்டும் சேர்ந்த டைம்வேல் ஸ்ட்ரக்ட் 16 பைட். நான் கையால் எழுதி வைத்தது 8 பைட். நொடியின் மேல் பாதியைத்தான் மைக்ரோ செகண்ட் என்று படித்துக்கொண்டிருந்தேன். சி எழுதும்போது மிச்ச 8 பைட் பக்கத்து மெமரியை அழிக்கிறது. கம்பைலர் ஒரு எச்சரிக்கைகூடத் தரவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. ஐ386இல் (32 பிட் இன்டெல் வகை) பழைய அளவே தொடர்வதால் '32 பிட்டா' என்று மட்டும் பார்த்தும் முடிவெடுக்க முடியாது.

சி ஹெடரிலிருந்து பைண்டிங்கைத் தானாக எழுதும் பைண்ட்ஜென் கருவியை பில்ட் நேரத்தில் ஓட்டலாம். ஆனால் பயனர்கள் எல்லோரும் அதற்குத் தேவையான லிப்கிளாங் (சி கோடைப் படிக்கும் லைப்ரரி) நிறுவ வேண்டும், சின்ன போர்டில் அது பெரிய சுமை. நேரத்தை இரண்டு 64 பிட் எண்களாகத் தரும் ஒரு சிறு சி உறை எழுதலாமா என்று யோசிக்கிறேன். அப்போது ஸ்ட்ரக்ட் அளவை சி கம்பைலரே பார்த்துக்கொள்ளும்.

இதை யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? கிராஸ் கம்பைல் (போர்டுக்கான பில்டை வேறு கணினியில்) செய்யும்போது, எதையும் ஓட்டிப் பார்க்காமல், அளவு தவறினால் பில்டை நிறுத்த என்ன வழி வைத்திருக்கிறீர்கள்? உங்கள் பில்ட் ஸ்கிரிப்ட் இருந்தால் காட்டுங்கள், பெரிய உதவியாக இருக்கும்.