தானாக ரீஸ்டார்ட் ஆகும் கணினி: பவர் சப்ளையா, மதர்போர்டா?

மதுரை திருநகரில் வசிக்கிறேன். மார்ச் மாதம் நானே பாகங்கள் வாங்கிப் பூட்டிய டெஸ்க்டாப், மூன்று வாரங்களாக நாளுக்கு இரண்டு மூன்று முறை எந்த எச்சரிக்கையும் இல்லாமல் அணைந்து, இரண்டு விநாடியில் தானாகவே மீண்டும் கிளம்புகிறது. விண்டோஸின் நீலப் பிழைத் திரை வருவதில்லை. பவர் சப்ளையிலிருந்து 'டிக்' என்றொரு சத்தம் மட்டும் கேட்கிறது. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவென்ட் வியூவரில் கர்னல்-பவர் 41 என்ற பிழை மட்டுமே பதிவாகிறது. அது கணினி முறையாக நிறுத்தப்படவில்லை என்பதைச் சொல்லுமே தவிர, காரணத்தைச் சொல்லாது.

ரைசன் 5 5600ஜி பிராசசர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்4 ராம் இரண்டு, 450 வாட் பவர் சப்ளை, விண்டோஸ் 11. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை.

வெயில்தான் காரணம் என்று கடையில் சொன்னார்கள். ஆனால் பிராசசருக்கு முழுச் சுமை கொடுக்கும் பிரைம்95 சோதனையை ஒரு மணி நேரம் ஓட்டியும் 78 டிகிரியைத் தாண்டாமல் நின்ற கணினி, விடியற்காலை ஐந்தரை மணிக்கு வெறும் எக்செல் திறந்திருக்கையில் அணைந்ததால், அந்த விளக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 இரவு முழுவதும் ஓடிப் பிழையின்றி முடிந்தது. ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை அணைத்தும், ராமை ஒவ்வொன்றாகப் போட்டும், மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்தும், யுபிஎஸ்ஸைத் தவிர்த்து நேரடியாகச் சுவர் பிளக்கில் செருகியும், ரீசெட் பட்டனின் வயரையே போர்டிலிருந்து கழற்றியும் பார்த்துவிட்டேன்.

மாற்றிப் பார்க்க உதிரி பாகம் கைவசம் இல்லை. ஒன்றை வாங்கத்தான் பணமும் இருக்கிறது. சுமை குறைவாக இருக்கும்போது மட்டும் அணையும் இந்த அறிகுறியை வைத்துப் பார்த்தால், முதலில் மாற்ற வேண்டியது பவர் சப்ளையா, மதர்போர்டா?