டைட்டானியம் ஸ்பிரிங் போட்டால் அடி தட்டுவது நிற்குமா?

மாந்தோப்பு_மிதிவண்டி (கிருஷ்ணகிரி)

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 160 மி.மீ. டிராவல் (சக்கரம் மேலும் கீழும் போகிற தூரம்) உள்ள எண்டூரோ ரக மலைச் சைக்கிள், பின்னால் 230 × 65 (நீளம் 230 மி.மீ., அமுங்குவது 65) காயில் ஷாக், அதில் 350 ஸ்பிரிங். கைமாறி வந்த வண்டி, ஸ்பிரிங் பழைய ஓனர் அவர் எடைக்குப் போட்டுக்கொண்டது. நான் 74 கிலோ, ஹெல்மெட், முட்டிக் காப்பு, தண்ணீர்ப் பை எல்லாம் சேர்த்தால் 82.

ஞாயிற்றுக்கிழமைகளில் ராயக்கோட்டைப் பக்கம் பாறைச் சரிவுகளில் ஓட்டுகிறேன். இடுப்பு உயரத்திலிருந்து குதித்தாலே பின்னால் 'டங்' என்று அடியில் தட்டுகிறது, பெடலில் இருக்கும் கால் வரைக்கும் அதிர்கிறது. டைட்டானியம் எஃகைவிட மென்மை, வேகமாகத் திரும்பும் என்று படித்தேன். துபாயில் இருக்கும் மாமா 18ஆம் தேதி ஊருக்கு வருகிறார், அவர் பெட்டியில் ஒரு ஸ்பிரிங்குக்கு இடம் இருக்கிறதாம். விலையைப் பார்த்தால் சாதா ஸ்பிரிங்கைப் போல ஐந்தாறு மடங்கு இருக்கிறது, ஆனாலும் ஒருமுறை செலவுதானே என்று மனசு சொல்கிறது. வாங்கச் சொல்லலாமா?

வத்தல்மலை_இறக்கம் (தர்மபுரி)

தம்பி, அவசரப்படாதே. அடி தட்டுவதற்கும் டைட்டானியத்துக்கும் சம்பந்தமே இல்லை. 350 என்றால் ஒரு அங்குலம் அமுக்க 350 பவுண்டு வேண்டும் என்று அர்த்தம், அதை எஃகில் செய்தாலும் டைட்டானியத்தில் செய்தாலும் அதே 350 தான். இப்போது தட்டுகிற இடத்தில் அப்போதும் தட்டும், என்ன, காஸ்ட்லியாகத் தட்டும்.

முதலில் நீ உட்கார்ந்தால் எவ்வளவு அமுங்குகிறது, அதாவது சேக் எவ்வளவு என்று பார். ஏர் ஷாக் மாதிரி இதில் ரப்பர் வளையம் இருக்காது, அதனால் ஷாக்கின் இரண்டு போல்ட்டுக்கும் நடுவில் டேப் வைத்துத்தான் அளக்க வேண்டும். முழு கியரும் போட்டுக்கொள், சுவரில் ஒரு கையை லேசாக ஊன்றி பெடல்மேல் நில், வீட்டில் யாரையாவது அளக்கச் சொல். பிரீலோட் வளையம் (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கிப் பிடிக்கிற திருகு வளையம்) ஸ்பிரிங்கைத் தொட்ட பிறகு ஒரு சுற்றுக்கு மேல் போயிருந்தால் குறைத்துவிட்டு அள. நிறையப் பேர் பிரீலோடை நாலைந்து சுற்று முறுக்கிவிட்டு ஸ்பிரிங் கடினமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ரேட், அதாவது அந்த 350, அப்படியேதான் இருக்கும், ஆரம்பம் மட்டும் கட்டையாகிவிடும்.

சிப்காட்_கம்பி (ஓசூர்)

ஸ்பிரிங் செய்கிற யூனிட்டில்தான் வேலை, மிதிவண்டிக்கு இல்லை, ஆனால் கம்பி எல்லாம் ஒரே ஜாதிதான். டைட்டானியத்தில் எடை ஏன் குறைகிறது என்பதைப் பலர் பாதிதான் சொல்கிறார்கள். உலோகமே லேசு என்பது ஒரு காரணம். இன்னொன்று, முறுக்கினால் அது எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இளகிக் கொடுக்கும். அதே ரேட் வர வேண்டும் என்றால் எஃகில் ஏழு சுற்று சுற்றுகிற இடத்தில் இதில் நாலு சுற்றே போதும், அதாவது கம்பியே குறைவு. படத்தில் பார்த்தால் தெரியும், டைட்டானியம் ஸ்பிரிங்கில் சுற்றுக்குச் சுற்று இடைவெளி அகலமாக இருக்கும். சுற்றும் சுற்றும் முட்டிக்கொள்ளும் பயமும் அதனால் குறைவு.

கம்பி பெரும்பாலும் பீட்டா-சி என்கிற கலவை, டைட்டானியத்தோடு அலுமினியம், வனேடியம், குரோமியம், மாலிப்டினம், சிர்கோனியம் சேர்ந்தது. துரு பிடிக்காது. எஃகில் பெயிண்ட் உதிர்ந்த இடத்தில் துரு குழி பறிக்கும், அந்தக் குழியில்தான் ஒருநாள் விரிசல் ஆரம்பிக்கும். அதற்காக டைட்டானியம் சாகாவரம் வாங்கி வந்தது என்று நினைக்க வேண்டாம், ஸ்க்ரூடிரைவரால் ஆழமாக ஒரு கீறல் போட்டால் அதிலிருந்தும் விரிசல் வரும்.

மாந்தோப்பு_மிதிவண்டி

அண்ணா, அளந்துவிட்டேன். தங்கச்சிதான் டேப் பிடித்தாள், மூன்று தடவை. ஷாக் 230, நான் ஏறி நின்றால் 207. ஆக 23 மி.மீ., 65-இல் 35 சதவீதம். பிரீலோட் ஒரு சுற்றுதான்.

என் நண்பன் ஒருத்தன் சொல்கிறான், ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டிவிட்டால் கடினமாகிவிடும், காசே ஆகாது என்று. உண்மையா?

சிப்காட்_கம்பி

கடினமாவது உண்மைதான். ஆனால் நீளம் குறையும், முனை சமமாக உட்காராது, ஷாக் தண்டு ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு சீல் போகும், அரைக்கிற சூட்டில் கம்பியின் பதமும் போகும். நண்பனிடம் அவன் வண்டியில் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

வத்தல்மலை_இறக்கம்

35 என்றால் அதிகம்தான் தம்பி. உன் மாதிரி ஓட்டுகிறவனுக்கு 30 பக்கம் இருந்தால் நல்லது, அதாவது 19.5 மி.மீ. கால்குலேட்டர்களை நம்புவதைவிட உன் வண்டியே கொடுத்த கணக்கு இருக்கிறது: 350 × 23 ÷ 19.5, வருவது 413. கடையில் கிடைப்பது 400, இல்லையென்றால் 425. 400 போட்டால் 31 சதவீதம் பக்கம் நிற்கும், நான் அதைத்தான் எடுப்பேன். பாறையில் பிடிமானமும் வேண்டும் இல்லையா.

சாதா எஃகில் 400 வாங்கி இரண்டு மாதம் ஓட்டு. சேக் சரியாக இருந்தும் தட்டினால் கம்ப்ரெஷன் டேம்பிங்கை (ஷாக் அமுங்குகிற வேகத்தைத் தடுக்கிற அமைப்பு) பார், அப்புறம் ஃபிரேம் லிங்கேஜ் (பின்சக்கரத்தை ஷாக்கோடு சேர்க்கிற இணைப்பு) கடைசியில் இறுகுகிற ரகமா என்று பார், இறுகாத ஃபிரேம் என்றால் அமுங்க அமுங்கக் கடினமாகிக்கொண்டே போகிற புரோகிரெசிவ் ஸ்பிரிங் உனக்குப் பொருந்தலாம். ரேட் உறுதியான பிறகு டைட்டானியம் ஆசை இருந்தால் தாராளமாக வாங்கு. மளிகைக் கடைத் தராசில் நிறுத்தேன், என் பழைய எஃகு 440 கிராம், டைட்டானியம் 290. மிச்சம் 150 கிராம், ஒரு டம்ளர் தண்ணீர். வத்தல்மலை மேலே மிதித்து ஏறும்போது அந்த டம்ளர் எனக்குத் தெரிந்ததே இல்லை. பார்க்க அழகாக இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன்.

பென்னாகரம்_பெடல்

தாமதமாகச் சேர்கிறேன். பழைய டைட்டானியம் வாங்குகிற எண்ணம் இருந்தால் என் கதையையும் கேளுங்கள். ஆன்லைனில் ஒருத்தரிடம் பாதி விலைக்கு வாங்கினேன், ரேட் சரி, எழுத்தில் 400 × 65 என்று இருந்தது. மாட்டிய பிறகு கல் ரோட்டில் 'கிர்ர் கிர்ர்' என்று ஒரு சத்தம். இரண்டு வாரம் பேரிங்கைச் சந்தேகப்பட்டேன், கிரீஸ் வைத்தேன், பிவட் போல்ட்டை எல்லாம் கழற்றி மாட்டினேன். கடைசியில் ஸ்பிரிங்கைக் கழற்றினால் ஷாக் உடம்பில் விரல் நீளத்துக்குக் கோடு கோடாக உரசியிருக்கிறது. உள் விட்டம் என் ஷாக்குக்கு ஒன்றரை மி.மீ. அதிகம், கீழ்த் தட்டில் ஆடி ஆடி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. கம்பெனிக்குக் கம்பெனி அந்த அளவு மாறும், எழுத்தில் இருக்காது, வெர்னியர் வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஸ்பிரிங்கின் ஸ்ட்ரோக்கும் (அமுங்கக்கூடிய தூரம்) ஷாக்கின் 65-ஐவிடக் குறையக் கூடாது.

பையில் ஒரு காந்தமும் வைத்துக்கொள்ளுங்கள். டைட்டானியத்தில் ஒட்டாது. ஒட்டினால் அது பெயிண்ட் அடித்த எஃகு, வந்த வழியே திரும்பிவிடலாம்.

இன்னொன்று, கேழ்வரகு முற்றுகிற மாதங்களில் ராயக்கோட்டைக் காட்டோரம் சாயங்காலம் நிற்காதீர்கள். யானைக்கு உங்கள் சேக் எல்லாம் தெரியாது.

மாந்தோப்பு_மிதிவண்டி

நன்றி அண்ணா, எல்லோருக்கும். மாமாவுக்கு மெசேஜ் போட்டுவிட்டேன், 400 சாதா எஃகு, உள் விட்டம் என் பழைய ஸ்பிரிங்கில் வெர்னியர் வைத்து அளந்து அனுப்பினேன். மிச்சமான இடத்தில் பேரீச்சம்பழம் வருகிறதாம். யானை காலையிலும் வருமா?

பென்னாகரம்_பெடல்

விடிந்து வெயில் ஏறும் வரை வரும்.