கரும்புச் சக்கைக் கரி வினையூக்கி: சில சுற்றுக்குப் பிறகு விளைச்சல் ஏன் இறங்குகிறது?

நிலா_வேதி:
வணக்கம். முதுநிலை வேதியியல் படிக்கிறேன். கரும்புச் சக்கையை நைட்ரஜனில் 400 டிகிரியில் கரியாக்கி, அடர் கந்தக அமிலத்தில் 150 டிகிரியில் சல்ஃபோனேற்றம் செய்து (அதாவது சல்ஃபோனிக் அமிலத் தொகுதிகளை ஒட்டவைத்து) திட அமில வினையூக்கி தயாரித்திருக்கிறேன். பிரக்டோஸை டிஎம்எஸ்ஓ (டைமெத்தில் சல்ஃபாக்சைடு) கரைப்பானில், 120 டிகிரியில் 2 மணி நேரம் இதோடு சூடாக்கி எச்எம்எஃப் (ஹைட்ராக்சிமெத்தில்பர்ஃப்யூரல், பிரக்டோஸிலிருந்து நீர் நீங்கினால் வருவது) எடுக்கிறேன். வடிகட்டி, எத்தனாலில் கழுவி, உலர்த்தி மறுபடி பயன்படுத்துகிறேன். முதலில் விளைச்சல் 80 சதவீதத்தை ஒட்டி இருந்தது, அப்புறம் படிப்படியாக 60க்குக் கீழே வந்துவிட்டது. கரி செத்துவிட்டதா? காற்றில் 500 டிகிரியில் சுட்டால் பழைய நிலைக்கு வருமா? ஆய்வறிக்கையில் ஐந்து சுற்றாவது காட்ட வேண்டும்.

சியோலைட்_பித்தன்:
சுட வேண்டாம்! சியோலைட் என்ற நுண்துளைத் தாது வினையூக்கியை அப்படிச் சுட்டு, மேலே படிந்த கரியை எரித்துவிடலாம், அதன் கட்டமைப்பு தாங்கும். உங்கள் வினையூக்கியே கரிதானே, எல்லாம் சேர்ந்து எரிந்து போகும். அதற்கு முன்பே சல்ஃபோனிக் தொகுதிகளும் கழன்றுவிடும்.

பாய்லர்_தண்ணீர்:
தம்பி சொன்னது சரி. நான் ஒரு சர்க்கரை ஆலையின் மின் உற்பத்திப் பிரிவில் டிஎம் பிளான்ட் (தண்ணீரிலிருந்து தாது உப்புகளை நீக்கும் பிரிவு) பார்த்தவன். பாய்லர் தண்ணீரிலிருந்து கால்சியம், மெக்னீசியம் பிடிக்கிற கேட்டயான் ரெசினிலும் உங்கள் கரியிலும் வேலை செய்வது ஒரே சல்ஃபோனிக் தொகுதிதான். ரெசின் சோர்ந்தால் யாரும் தூக்கிப் போடுவதில்லை. ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டு, கழுவி, மறுபடி ஓட்டுவோம். அதனால் கரி செத்ததா என்று கேட்பதற்கு முன்னால், அதற்கு என்ன ஆனது என்று பாருங்கம்மா.

முதலில் அமிலம் இருக்கிறதா என்று பாருங்கள். புதுக் கரியையும் பயன்படுத்திய கரியையும் தனித்தனியே உப்புக் கரைசலில் ஊறவைத்து, வடிநீரை சோடியம் ஹைட்ராக்சைடால் டைட்ரேட் செய்யுங்கள். ஹைட்ரஜன் அயனி எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துவிடும். சோதித்த கரியை அப்படியே வினைக்குப் போடாதீர்கள், அதில் சோடியம் ஏறியிருக்கும். தனிமப் பகுப்பாய்வில் கந்தக அளவை மட்டும் நம்ப வேண்டாம். டிஎம்எஸ்ஓவிலேயே கந்தகம் உண்டு, கரியின் துளைகளில் கொஞ்சம் தங்கினாலும் கணக்கு ஏறும்.

அமிலம் குறைந்திருந்தால் ஒட்டாமல் நின்ற கந்தக அமிலம் கசிந்திருக்கலாம். புதுக் கரியைக் கொதிநீரில் கழுவி, கழுவின நீரில் பேரியம் குளோரைடு விட்டால் வெள்ளை வீழ்படிவு வருவது நிற்கும் வரை கழுவுவதை நிறுத்தக்கூடாது. அமிலம் குறையாமல் இருந்து கரியின் உலர் எடை கூடியிருந்தால், அது ஹூமின். சர்க்கரையும் எச்எம்எஃப்பும் சேர்ந்து பின்னிக்கொள்கிற அந்தப் பழுப்புப் பிசின் துளைகளை அடைத்துவிடும், எத்தனாலில் எல்லாம் கரைந்து வராது.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். கரியே போடாமல் ஒரு ஓட்டம் போட்டீர்களா? சூடான டிஎம்எஸ்ஓ தானாகவே பிரக்டோஸிலிருந்து நீரை நீக்கி எச்எம்எஃப் கொடுக்கும். அது எவ்வளவு என்று தெரியாமல் கரிக்கு மதிப்பெண் போட முடியாது. ஐந்து சுற்று என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஐந்து பேர் தள்ளினாலே நகரும் வண்டிக்குப் பத்துப் பேரை நிறுத்தினால், நாலு பேர் கையை எடுத்தாலும் வெளியே தெரியாது. வினை முழுதாக முடிந்த பிறகு அளந்தால் அப்படித்தான் ஏமாற்றும். பிரக்டோஸ் 30 சதவீதம் மாறும்போதே நிறுத்தி, வேகத்தை ஒப்பிடுங்கள். மூன்று சுற்று காட்டினாலும் போதும், அது நேர்மையாக இருக்கட்டும்.

சியோலைட்_பித்தன்:
சூடான வடிகட்டலும் செய்யுங்கள். பாதியில் கரியைச் சூட்டோடு பிரித்துவிட்டு, திரவத்தை மட்டும் தொடர்ந்து சூடாக்குங்கள். வினை வெறும் டிஎம்எஸ்ஓ ஓட்டத்தைவிட வேகமாகப் போனால், கரைந்த அமிலம்தான் வேலை செய்கிறது.

நிலா_வேதி:
ரொம்ப நன்றி. கரி இல்லாத ஓட்டம் போட்டுப் பார்த்தேன் ஐயா, கணிசமாகவே எச்எம்எஃப் வந்தது. கழுவின நீரில் பேரியம் குளோரைடு விட்டால் இன்னும் கலங்குகிறது. ஒரு சந்தேகம். அடுத்ததாக சுத்த பிரக்டோஸுக்குப் பதில் மொலாசஸ் (சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு) வைத்து முயலச் சொல்கிறார்கள். கரி தாங்குமா?

பாய்லர்_தண்ணீர்:
கலங்குவது நிற்கும் வரை கழுவுங்கள், பிறகுதான் சுற்றுக் கணக்கு.

மொலாசஸ் வேறு கதை. அதில் பொட்டாசியமும் கால்சியமும் நிறைய. அவை ஹைட்ரஜன் அயனியை விரட்டிவிட்டு அந்த இடத்தில் உட்காரும், சுறுசுறுப்பு சட்டென்று விழும். ஆனால் இந்த வீழ்ச்சி திரும்பக்கூடியது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து, குளோரைடு போகும்வரை கழுவினால் போன அமிலம் திரும்பி வர வேண்டும். அமிலம் திரும்பியும் சுறுசுறுப்பு வராவிட்டால் பழி ஹூமின் மேல்தான்.

இதைப் பொறுமையாகச் செய்யுங்கள் அம்மா, செய்ய வேண்டிய வேலை. 1920களில் அமெரிக்காவில் குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம் ஓட்ஸ் உமியிலிருந்து எச்எம்எஃப்பின் உறவுக்காரப் பொருளான பர்ஃப்யூரலை எடுக்கத் தொடங்கியது நீர்த்த கந்தக அமிலத்தை வைத்துத்தான். இன்றும் பல ஆலைகளில் அதே அமிலம்தான் போகிறது. கரைந்த அமிலத்தைத் திரும்ப எடுப்பது கஷ்டம், சுண்ணாம்பு போட்டு நடுநிலையாக்கினால் ஜிப்சம் குவியும். வடிகட்டி எடுக்கக்கூடிய அமிலம் ஒன்று உறுதியாக நின்றால், பாய்லரில் எரிக்கிற சக்கைக்கும் உமிக்கும் ஒரு நல்ல விலை வரும். மொலாசஸை முதலில் கேட்டயான் ரெசினில் ஓட்டிவிட்டு உங்கள் கரிக்குக் கொடுத்துப் பாருங்கள். பக்கத்தில் ரெசின் இல்லாமல் ஒரு ஓட்டம், ஒப்பிட.