புதுப்பிப்பு: அழுத்தத்திலிருந்து ஆழம், 6 மீட்டர் போன வழி

அரபிக்கடலில் மிதந்த ஆர்கோ மிதவை (கடலில் மூழ்கி எழுந்து நீரின் அழுத்தம், வெப்பநிலை, உப்புத்தன்மையை அளக்கும் தானியங்கிக் கருவி) ஒன்றின் தரவைக் கொண்டு, 1000 டெசிபார் (ஒரு டெசிபார் என்பது ஏறத்தாழ ஒரு மீட்டர் கடல்நீர் தரும் அழுத்தம்) அழுத்தத்திற்கு நான் கணக்கிட்ட ஆழம், மும்பை செம்பூரில் இருக்கும் நண்பரின் கணக்கைவிட 6 மீட்டருக்கும் மேல் குறைவது ஏன் என்று சென்ற பதிவில் கேட்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் என் வீட்டில் இருவரும் எக்செல் தாளை வரிவரியாகப் பார்த்தபோது, ஒன்றல்ல, இரண்டு பிழைகள் அகப்பட்டன.

ஆர்கோ தரவில் வளிமண்டல அழுத்தம் ஏற்கெனவே நீக்கப்பட்டிருக்க, நான் மறுபடியும் 10.1325 டெசிபாரைக் கழித்திருந்தேன். அதில் ஏறத்தாழ 10 மீட்டர் போயிற்று. அடர்த்தியை எல்லா ஆழத்திற்கும் கனமீட்டருக்கு 1025 கிலோ என்று வைத்தது அடுத்த தவறு. வெதுவெதுப்பான மேற்பரப்பில் 1023 அளவில் இருக்கும் அடர்த்தி, குளிராலும் மேலிருக்கும் நீரின் அழுத்தத்தாலும் கூடிக்கொண்டே போய், அந்த ஆழத்தில் 1032-ஐ நெருங்கிவிடுகிறது. இதனால் ஆழம் மூன்றரை மீட்டர் அளவுக்கு மிகையாகி, முதல் பிழையின் ஒரு பகுதியை மறைத்துவிட்டது. (தனித்தனியாக வந்திருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும்.)

இப்போது வெப்பநிலை, உப்புத்தன்மை, அழுத்தம் மூன்றையும் கொண்டு ஒவ்வொரு அடுக்கின் அடர்த்தியையும் கண்டு, அழுத்த வேறுபாட்டை அடர்த்தி, புவியீர்ப்பு முடுக்கம் இரண்டின் பெருக்கத்தால் வகுத்து, மேலிருந்து கூட்டி வருகிறேன். ஆழம் சுமார் 993 மீட்டர் வருகிறது. நண்பரின் கணக்கும் அதுவே.